நூத்தி முப்பத்தாறு

கம்பம் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருமுன்பே மூன்று எண்கள் வந்துவிடும்: 152, 142, 136. முல்லைப் பெரியாறு அணையில் முழுக்கத் தேக்கினால் 152 அடி. அணை பலமாக இல்லை என்ற பேச்சு எழுந்து 1979-இல் அதை 136 ஆகக் குறைத்தார்கள். பலப்படுத்தும் வேலைகள் நடந்த பிறகு, 142 வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு மாதமே 136-ஐத் தாண்டக் கூடாது என்று கேரளம் சட்டம் கொண்டுவந்தது. லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி நிற்கிறது. டீக்கடையிலும் சலூனிலும் கல்யாணப் பந்தியிலும் "இன்னைக்கு எத்தன அடி?" என்பதுதான் முதல் பேச்சு. 142 என்றால் நாம், 136 என்றால் அவர்கள். இந்தக் கணக்கு பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். 2012 ஜனவரியில், ஏழாம் வகுப்பில், என் பெயரே 136 ஆனது.

நான் பிறந்து வளர்ந்தது மலைக்கு மேலே, உடும்பன்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில். அப்பாவுக்கு மருந்தடிப்பு, கவாத்து. அம்மாவுக்குக் காயெடுப்பு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. காலடியில், மண்ணோடு படர்கிற சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தபடி விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பச்சைக் காயைக் கிள்ளிவிட்டால் சூப்பர்வைசர் கத்துவார். மழை நாளில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அம்மா வந்ததும் என் முதல் வேலை, அவள் கெண்டைக்காலில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டோரில் காய் காயும் இரவுகளில் லயம் முழுக்க மணக்கும். பாயசத்துக்குப் போடும் ஏலக்காயின் மணம்தான், ஆனால் ராத்திரி முழுவதும் சுவாசித்தால் தலை கனக்கும்.

அம்மாச்சி வீடு மலைக்குக் கீழே, தேவாரத்துக்கும் போடிக்கும் இடையில் ஓர் அடிவாரத்து ஊரில். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் இறங்கி வருவோம். மேலே போனால் தமிழ், கீழே வந்தால் மலையாளம் என்று இரண்டு பக்கமும் எங்களுக்கு ஒட்டாத பெயர் இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய் விளைவது கேரளத்தில். எடுக்கப் போகும் கைகளில் பாதி தமிழ்நாட்டிலிருந்து. எடுத்த காய் ஏலம் போவது போடியிலும் புத்தடியிலும். விடியுமுன் கம்பம் மெட்டிலும் குமுளியிலும், 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடி மெட்டிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும். இருட்டியதும் அதே ஜீப்புகள் இறங்கும். இரண்டு மாநிலத்தையும் அந்த ஜீப்புகள்தான் தினமும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தன.

நான் படித்த பள்ளியில் மலையாளம்தான். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. அம்மா உயிரெழுத்து சொல்லிக் கொடுத்திருந்தாள், கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவே.

2011-இல் இடுக்கியில் பல தடவை நிலம் ஆடியது. நவம்பர் கடைசியில் அணை உடைவதைப் பற்றிய ஒரு படம் வந்தது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். எங்கள் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு வண்டிப்பெரியாற்றில் அத்தை வீடு. அணைக்கு நேர் கீழே ஆற்றங்கரை. அத்தை வீட்டில் யாரும் தூங்குவதில்லை என்று அவள் சொன்னாள். சாமான்களை மேட்டில் உள்ள உறவுக்காரர் வீட்டில் வைத்துவிட்டார்களாம், ராத்திரி ஆள் மாற்றி ஆள் விழித்திருக்கிறார்களாம். சொல்லும்போதே அவள் உதடு நடுங்கியது. அணை பலமானதா இல்லையா என்பது பொறியாளர்களின் வழக்கு. அவள் பயத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மறுநாளே அதே வகுப்பில் வேறொரு பையன் என்னைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் வேண்டும், நாங்கள் செத்தாலும் பரவாயில்லை, அப்படித்தானே என்று கேட்டான். வீட்டில் பெரியவர்கள் பேசியதைத்தான் பிள்ளை கொண்டுவந்து இறக்கினான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரி அவனை "போடா" என்றாள். அதற்குப் பிறகு நான் அங்கே பள்ளிக்குப் போகவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் குமுளியில் வண்டிகள் அடிபட்டன. கடைகள் உடைந்தன. இந்தப் பக்கம் கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் லோயர் கேம்ப் நோக்கி நடந்தார்கள். 144 போட்டார்கள். மலையில் தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். எங்கள் லயத்தில் ஒரு ராத்திரி கல் விழுந்தது. ஓடு ஒன்று உடைந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இருட்டியதும் சாக்கலூத்து மெட்டு வழியாகத் தேவாரத்துக்கு இறங்கினோம். அப்பா முன்னால், சித்தப்பா பின்னால், நடுவில் அம்மாவும் நானும் தம்பியும். டார்ச் இருந்தது, போடவில்லை. அம்மா ரேஷன் கார்டையும் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளையும் மடியில் கட்டியிருந்தாள். என் புத்தகப் பை லயத்தோடு நின்றுவிட்டது. விடியும்போது கீழே வயல் தெரிந்தது. ஊர்க்காரர்கள் சோறும் ரசமும் ஊற்றினார்கள். டி.வி.காரர்கள் வந்தார்கள். "அகதி" என்று யாரோ சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிறந்தது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்.

பொங்கல் கழிந்து அம்மாச்சி என்னை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். கையில் டி.சி. இல்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதெல்லாம் அம்மாச்சிக்குத் தெரியாது. "பேத்தி சார், மேல இருந்து அடிச்சு வெரட்டிட்டாய்ங்க" என்றாள். தலைமையாசிரியர் ரிஜிஸ்டரில் பெயர் எழுதிக்கொண்டார். சமச்சீர்க் கல்வி வழக்கால் அந்த ஆண்டு பாடப்புத்தகங்களே ஆகஸ்டில்தான் வந்திருந்தன. எனக்குக் கொடுக்க உபரிப் புத்தகம் இல்லை.

முதல் நாள் தமிழ் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி எழுத்துக் கூட்டினேன். மூன்றாவது வரியில் நாக்கு மலையாளத்துக்குப் போய்விட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சர், நூத்தி முப்பத்தாறு அடி பேசுது." வகுப்பே குலுங்கியது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அந்த நிமிஷம் பெயர் நிலைத்துவிட்டது. சொன்னவன் ஒரு டிரைவரின் மகன், நல்ல கபடிக்காரன், கணக்கில் கெட்டி. அவனைப் பொல்லாதவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெயர் வைப்பது ஒரு நாள் கூத்து, அதோடு போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். போகாது. வருகைப் பதிவேட்டில் என் பெயர் வரும்போது "உள்ளேன் டீச்சர்" என்று நான் சொல்லுமுன் நாலைந்து வாய்கள் "136" என்று முணுமுணுக்கும். சத்துணவு வரிசையில் நின்றால், "அதுக்கு முட்டை வேணாம் ஆயா, கப்பக்கிழங்குதான் வேணும்" என்பார்கள். தண்ணீர்க் குழாயில் நான் கை வைத்தால், "ஏ, தண்ணியத் தொறக்காத, எங்களுக்குத் தர மாட்டீக" என்று குழாயை மூடுவார்கள். அந்த நகைச்சுவையில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது, அதுதான் பிரச்சினையே. மந்தமான கேலி சீக்கிரம் சலித்துவிடும். ஊர்ப் பெரியவர்களே நாள் முழுக்கப் பேசுகிற விஷயத்தோடு ஒட்டிய கேலிக்குச் சலிப்பே கிடையாது. தினமும் புது அடி, புது ஜோக்.

மேலே என்னைத் தமிழத்தி என்றார்கள். அதற்காகக் கல் விழுந்தது. கீழே வந்தால் மலையாளத்தி. இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆளில்லை. அப்பா தினம் டீக்கடையில் உட்கார்ந்து, மலைக்கு எப்போது போகலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுக்க அலைந்தாள். பள்ளிக்கூடத்தில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வது? குழாயடிக்கு எப்போது போனால் ஆள் இருக்காது என்று கற்றுக்கொண்டேன். எந்த வாத்தியார் வகுப்பில் பேசலாம், எந்த வகுப்பில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். பெயர் சொல்லி வம்புக்கு வந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் வெறுமனே சிரித்தார்கள். முட்டையைப் பாதி பிட்டுத் தந்த பிள்ளையும் அடுத்த நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்த மூன்று நான்கு பேரைவிட அந்தப் பொத்திய வாய்கள் என்னை அதிகம் வருத்தின.

விஷயம் டீச்சர் காதுக்குப் போனது. ஒரு நாள் ஸ்கேலோடு வந்து, "இனிமே எவனாவது அந்த நம்பரச் சொன்னீங்க, தோல உரிச்சிருவேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் ஒரு விரல், பிறகு மூன்று, பிறகு இரு கையும் சேர்த்து ஆறு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வகுப்பில் சத்தமில்லாமல் விரல்கள் எழும்பி இறங்கும். சத்தம் இருந்தபோதாவது எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியும்.

திருப்பம் வந்தது புத்தகத் தட்டுப்பாட்டால். ரெண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்று ஏற்பாடு செய்ய டீச்சர் வகுப்பை ரிஜிஸ்டர் வரிசைப்படி மாற்றி உட்கார வைத்தார். என் பக்கத்தில் வந்தவள் குட்டையாக, எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஒருத்தி. அதிகம் பேச மாட்டாள். அன்று மதியம் விரல்கள் எழும்பியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. சலித்துப்போனவள் மாதிரி பார்த்துவிட்டுப் பென்சில் சீவத் தொடங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "உங்க ஸ்டோர்ல வெறகா, டீசலா?"

ஏலக்காய் ஸ்டோரை எதைக் கொண்டு சூடாக்குகிறார்கள் என்று கேட்கிறாள். அந்த ஊரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் நேர்க் கேள்வி அதுதான். அவள் அம்மா ஜீப்பில் போகிறவள். ராத்திரி மூன்றரைக்கு எழுந்து உலை வைத்து, நான்கரைக்குத் தூக்குச்சட்டியோடு முக்கில் நின்று, ஜீப்பில் பதினைந்து இருபது பேரோடு நெருக்கியடித்து மேலே போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவள். டிசம்பரில் பாதை அடைத்ததும் அந்த வருமானம் நின்றுவிட்டது. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் அவள் அம்மா மூக்குத்தியை அடகு வைத்திருந்தாள். அதனால் மலையைப் பற்றிய ஒவ்வொரு விஷயமும் இவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எப்போது தோட்டம் திறப்பார்கள்? சூப்பர்வைசர்கள் தமிழா மலையாளமா? அட்டைக்கு நீங்கள் என்ன தேய்ப்பீர்கள், எங்கள் அம்மா பொடியும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தேய்க்கும். நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். அவள் அம்மாவின் ஒரு முழு நாளை, அவள் அதுவரை பார்த்திராத நாளை, நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதிலுக்கு அவள் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவளே கேட்டாள்: "மலையாளத்துல நெடுங்கண்டம்னு எப்பிடிப்பா எழுதுவாக?" அவள் அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஒரு தடவை தோட்டத்தில் கால் வழுக்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். நோட்டுத் தாளைக் கிழித்து நெடுங்கண்டம், குமுளி, கட்டப்பனை, பூப்பாறை, போடி என்று மலையாளத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் அவள் தமிழில் எழுதிக்கொண்டாள்.

அந்தத் தாளை முன் பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தாள். "என் பேர எழுது." எழுதினேன். ஜிலேபி மாதிரி இருக்கிறது என்று கெக்கலித்தாள், ஆனால் தாளைப் பத்திரமாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இடைவேளையில் வரிசையே நின்றது. பேர், அப்பா பேர், ஊர்ப் பேர், பிடித்த நடிகர் பேர். நோட்டு அட்டையிலும் கையிலும் ஸ்கேலிலும் பேனாவால் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அம்மாவோ அத்தையோ மதினியோ மலைக்குப் போகிறவர்கள் என்று அந்த வரிசையில்தான் வெளியே வந்தது. "எங்கம்மா பேரும் எழுது, சம்பளச் சீட்டுல இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டான் ஒருத்தன். அதுவரை வகுப்பில் யாரும் தன் அம்மா ஜீப்பில் போகிறாள் என்று சத்தமாகச் சொன்னதில்லை. கூலிக்குப் போவதைச் சொல்ல வெட்கம். ஒரு பிள்ளை வெட்கப்பட்டு மறைத்த வீட்டுச் சேதிதான் இன்னொரு பிள்ளையைக் கேலி செய்யக் கிடைத்த சாமானாகவும் இருந்திருக்கிறது.

டிரைவர் மகன் வரிசைக்கு வரவில்லை. விரல் காட்டுவதை மட்டும் விடாமல் செய்தான். பென்சில்காரிதான் எனக்குச் சொன்னாள், அவன் அப்பா ஓட்டிய காய்கறி லாரியின் கண்ணாடி குமுளியில் நொறுங்கியதை. அவருக்கு நெற்றியில் தையல். லாரி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மனுஷர் வீட்டில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் பையனை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவன்மேல் பிரியமெல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் பயம் கொஞ்சம் குறைந்தது. விரல் எழும்பும்போது அதன் பின்னால் ஒரு தையல் போட்ட நெற்றி தெரிந்தது.

ஒரு நாள் குழாயடியில் அவனும் நானும் மட்டும். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"ஏ, நீங்க ராத்திரியில நடந்தே எறங்குனீகளாமே?"

"ஆமா."

"ஆனை நிக்குமே?"

"சத்தம் கேட்டுச்சு. பாக்கல."

"எவ்வளவு பக்கத்துல?"

அவனுக்கு யானையில்தான் அக்கறை. மரம் முறிந்த சத்தம் எப்படி இருந்தது, பிளிறியதா, அப்பா என்ன செய்தார், தம்பி அழவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சொன்னேன். கல் விழுந்ததையும் சொன்னேன். அவன் நின்றுவிட்டான். "ஒங்களயுமா அடிச்சாய்ங்க?" அவன் கணக்கில் அடித்தவர்கள் ஒரு பக்கம், அடிபட்டவர்கள் ஒரு பக்கம். நான் அடித்தவர்களின் பக்கத்திலிருந்து வந்தவள். அந்தக் கணக்கு அன்று அவனுக்கு உதைத்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் யார் கேட்கிறார்கள்? வகுப்புக்குத் திரும்பியதும் பின் பெஞ்சில் யானைக் கதையை அவனே விரித்துச் சொன்னான். நான் சொல்லாத ஒற்றைக் கொம்பன் ஒன்றும் அதில் வந்தது. அதன்பிறகு யாரோ "136" என்றபோது சிரிப்பு வரவில்லை. ரெண்டு மூன்று தடவை அப்படி வெறுமனே விழுந்தது. பெயர் முழுக்கப் போகவில்லை. எட்டாம் வகுப்பு வரை கூப்பிட்டார்கள், குட்டையாக இருந்தவளைக் குள்ளச்சி என்று கூப்பிட்டதைப் போல. அதில் முள் இல்லாமல் போய்விட்டது.

பிற்காலத்தில் பி.எட். படிக்கும்போது ஃபின்லாந்து பற்றிப் படித்தேன். துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற உளவியலாளர் 1996-இல் சகாக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வகுப்பில் ஒரு பிள்ளை கொடுமைக்கு ஆளாகும்போது அங்கே இருப்பது இரண்டு பேரல்ல என்பது அதன் சாரம். தொடங்குபவன், கூடச் சேர்ந்துகொள்பவன், சிரித்து உற்சாகப்படுத்துபவன், ஒதுங்கிக்கொள்பவன், தடுப்பவன் என்று முழு வகுப்பும் அதில் பாத்திரம் ஏற்கிறது. அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் 'கிவா' என்ற திட்டம். 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளெங்கும் பரவியது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் நிலையில் தன்னை வைத்துப் பார்க்க, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பழக்குவதுதான் அதன் முதுகெலும்பு. படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் ஏழாம் வகுப்பில் வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அந்தப் பட்டியலில் உட்கார வைக்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். என் எண் ஒரு பனிக்காலத்தில் வந்து ஒட்டியது, காலப்போக்கில் மழுங்கியது. அதே வகுப்பில் பையன்களின் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அந்தத் தெருவை வைத்து வந்த பெயர்கள் ஒரு பருவத்தில் போகிறவை அல்ல. யானைக் கதைக்கு மசிகிறவையும் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன்பு பள்ளியில் நடந்த தொல்லையைப் பொறுக்காமல் அவன் வகுப்புக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்று பல பரிந்துரைகள். அகரவரிசை என்றதைப் படித்தபோது ரிஜிஸ்டர் வரிசையில் என் பக்கம் வந்து உட்கார்ந்தவள் நினைவு வந்தது. இப்படிப்பட்ட விதிகள் கட்டாயம் வேண்டும். ஆனால் ஸ்கேலுக்குப் பயந்து வாய் மூடினால் விரல் எழும்பும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்த பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் எதைக் கேட்கிறார்கள் என்பதில்தான் மீதி வேலை இருக்கிறது.

இப்போது நானும் வகுப்பெடுக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் அன்பு, கருணை என்றெல்லாம் பேசுவதில்லை. பேசினால் பிள்ளைகள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். உன் வீட்டில் காலையில் முதலில் எழுவது யார், எழுந்து என்ன செய்வார், வேலையில் எந்த இடம் கஷ்டம் என்று கேட்கிறேன். மற்றப் பிள்ளைகள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். மீன் கடைக்காரர் மகளிடம், கையில் வீச்சம் போக என்ன போடுவார்கள் என்று ஒருவன் கேட்டான். கேலியாகத்தான் தொடங்கினான். அவள் புளியும் எலுமிச்சையும் போடுவோம் என்று சாதாரணமாகச் சொன்னதும், அது போகுமா போகாதா என்று வகுப்பே விவாதத்தில் இறங்கியது. அந்த ஆண்டு அவளை யாரும் மீன் என்று கூப்பிடவில்லை. எல்லா ஆண்டும் இப்படி அமைவதில்லை என்பதும் உண்மைதான்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. நவம்பரில் தண்ணீர் அந்த அளவைத் தொட்டபோது பள்ளத்தாக்கில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அதற்குள் அப்பாவும் அம்மாவும் பழையபடி மலைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்கள். ஜீப்புகளும்தான்.

பென்சில் சீவியவள் இப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறாள். சென்ற ஆண்டு வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றபோது கேட்டேன், அன்றைக்கு நீ மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று. பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "நீ வேற. ஒன்னயக் காப்பாத்தணும்னெல்லாம் எனக்குத் தோணவே இல்ல. எங்கம்மா தெனமும் போயிட்டு வர்ற எடம் அது. அதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

என் வகுப்பில் நான் செய்யப் பார்ப்பதும் இவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்க யாராவது வாய் திறக்கும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டைத் தெரிந்தவர்கள் நாலு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் எழுந்து சண்டை போட வேண்டாம். ஜோக் அவர்களுக்குப் புரியாமல் போனால் போதும்.